மண்சுவருக்கு நிரைப்பலகை

(திருத்தங்கலில் கொத்தனார்களும் தச்சர்களும் வீட்டுக்காரர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் அச்சு வடிவம்)

முன்வரிசையில் இருக்கிற ஆசாரிமார்களே, கொத்தனார் அண்ணாச்சிகளே, இன்றைக்கு நான் பேச வந்திருப்பது உங்கள் கைவேலையைப் பற்றி. தப்பாக ஏதாவது சொன்னால் கூட்டம் முடிகிற வரைக்கும் பொறுத்திருக்க வேண்டாம், அந்த இடத்திலேயே கையைத் தூக்கிவிடுங்கள்.

இந்த ஊர்ப் பக்கம் காலண்டருக்குப் பஞ்சம் கிடையாது. நாடு முழுக்கத் தொங்குகிற காலண்டர்களில் பெரும் பங்கு நமக்கு அடுத்தாற்போல், சிவகாசியில்தான் அச்சாகிறது. ஆனால் அந்தக் காலண்டரை மாட்டுவதற்கு நம் ஊர் மண்வீட்டில் ஓர் ஆணி நிற்காது. அடிக்கும்போது சுகமாக இறங்கும். தை மாதம் தாள் கிழிக்கிற வரைக்கும் தாங்கும். சித்திரையில் ஒருநாள் யாரோ தேதியைப் பார்க்க அட்டையைத் தொடுவார்கள். ஆணியும் அட்டையும் ஒரு கை மண்ணும் சேர்ந்து காலடியில் விழும். சுவரில் ஒரு குழி. அடுத்த ஆணி அதற்கு நாலு விரல் தள்ளி. என் பாட்டி வீட்டுச் சுவரைப் பார்த்தால் எத்தனை வருஷம் குடியிருந்தார்கள் என்பதைக் குழிகளை எண்ணியே சொல்லிவிடலாம்.

மண்சுவரின் இன்னொரு தொல்லை உங்கள் முதுகுக்குத் தெரியும். சாய்ந்து உட்கார்ந்து எழுந்தால் சட்டையெல்லாம் சுண்ணாம்பு. வெள்ளையடித்துப் பத்து வருஷமான சுவர் என்றால் சுண்ணாம்போடு மண்ணும் வரும். பிள்ளைகள் உட்காருகிற உயரத்தில் தலையெண்ணெய்க் கறை. நாற்காலி இடிக்கிற உயரத்தில் பள்ளம். கீழே பெருக்குமாறு உரசி உரசி அரித்த கோடு. இத்தனையும் தரையிலிருந்து மூன்றரை அடிக்குள் நடக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இதனால்தான் மண்வீட்டுக்காரர் பலருக்கு ஓர் ஆசை வருகிறது. வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளை தீபாவளிக்கு வருகிறான். "அப்பா, வீட்டை இடிக்க வேண்டாம். உள்பக்கம் பூராவும் மரப்பலகை அடித்துவிடலாம். பார்க்கவும் நன்றாக இருக்கும், மண்ணும் உதிராது" என்கிறான். இடிக்க வேண்டாம் என்று சொல்கிற பிள்ளையை முதலில் பாராட்ட வேண்டும். 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று 2024இல் அரசு அறிவித்தது. 2030க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடு என்பது அப்போதைய கணக்கு. ஒழுகுகிற குடிசையில் கிடப்பவருக்கு அது பெரிய விடிவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் பேசுவது ஒன்றரை அடிக் கனத்தில், நாட்டு ஓட்டின் கீழே, நன்றாகவே நிற்கிற வீட்டைப் பற்றி. அதை வைத்துக்கொள்ள நினைக்கிறவரிடம் பேச ஆள் குறைவு.

அந்தப் பிள்ளைக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலகை போடலாம். ஆனால் சுவரில் அடிக்காதே, சுவருக்கு முன்னால் நிறுத்து. மேலே வரைக்கும் போகாதே. வருஷத்துக்கு ஒருமுறை கழற்ற முடிகிற மாதிரி செய். ஏன் என்பதைத்தான் இனிப் பேசப் போகிறேன்.

மண்சுவர் சும்மா நிற்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது நாள் பூராவும் வேலை பார்க்கிறது. முதல் வேலை சூட்டைப் பிடித்து வைப்பது. மேற்கு வெயில் வெளிச்சுவரில் விழுகிறது. அந்தச் சூடு ஒன்றரை அடி மண்ணைக் கடந்து உள்முகத்துக்கு வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும். அதற்குள் சன்னலைத் திறந்து வைத்துவிடுகிறோம். இது எல்லோருக்கும் தெரிந்த பாதி. மீதிப் பாதியைக் கவனிப்பவர் குறைவு. இராத்திரி குளிர்ந்த உள்முகம், மறுநாள் பகலில் அறைக்குள் இருக்கிற சூட்டைத் தானே வாங்கிக்கொள்கிறது. ஓட்டிலிருந்து இறங்குகிற சூடு, அடுப்புச் சூடு, பத்துப் பேர் உட்கார்ந்த சூடு எல்லாம் அந்தச் சுவருக்குள் போகிறது. வைகாசி மத்தியானம் சுவரில் கன்னத்தை வைத்துப் பாருங்கள், தெரியும்.

இப்போது அந்த முகத்தின் மேல் பலகை அடிக்கிறோம். மரம் மண்ணைவிட நாலைந்து மடங்கு குறைவாகவே சூட்டைக் கடத்தும். பலகைக்குப் பின்னால் காற்று இடைவெளி இருந்தால் இன்னும் குறைவு. அறைக்கும் சுவருக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் நின்றுபோகும். நாலு சுவரையும் மேல்வரைக்கும் மூடிவிட்டால், வெளியே பார்க்க மண்வீடு, உள்ளே இருப்பது மரப்பெட்டி. தீப்பெட்டி செய்கிற இந்த ஊரில் இதை விளக்கவே தேவையில்லை. தீப்பெட்டிக்குள் குடியிருந்த மாதிரி இருக்கும்.

குளிர் நாட்டில் இதே காரியம் நல்லது. சுவரில் சாய்ந்தால் ஜில்லென்று ஏறக் கூடாது என்று அங்கே பலகை வேய்கிறார்கள். அவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு நாம் வேய்ந்தால், அவர்கள் விலை கொடுத்து விரட்டுகிற குளிர்ச்சியை நாமும் விலை கொடுத்து விரட்டுகிறோம். கத்திரி வெயில் ஊரில்!

இரண்டாவது வேலை ஈரம். களிமண் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும், காற்று உலர்ந்தால் திருப்பித் தரும். நம் விருதுநகர் மாவட்டத்தில் வருஷ மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த இரண்டு மாதம் சுவர் குடித்த ஈரத்தை மார்கழி, தை, மாசியில் இரண்டு பக்கமும் காற்றில் விடுகிறது. உள்பக்கத்தை அடைத்துவிட்டால்?

இதற்கு ஒரு பாடம் தூரத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ராஞ்சோஸ் தி தாவோஸ் என்கிற ஊர். அங்கே செங்கல்லைச் சுடாமல் வெயிலில் காய வைத்துக் கட்டிய பழைய தேவாலயம் ஒன்று உண்டு, உலகமே வந்து படம் பிடிக்கிற கட்டடம். வருஷா வருஷம் மண் பூசுவது சள்ளை என்று 1967இல் அதற்குச் சிமெண்டுப் பூச்சுப் போட்டார்கள். சிமெண்டில் விழுந்த மயிர்க்கோட்டு வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கியது. இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லை. உள்ளே சுவர் கூழாகிக்கொண்டிருக்க, வெளியே சிமெண்டு பளபளவென்று நின்றது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் சிமெண்டை உரித்து எறிந்துவிட்டு மறுபடி மண்ணுக்கே திரும்பினார்கள். இன்றைக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து தங்கள் கையாலேயே மண் பூசுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? மண்சுவரில் சிமெண்டு பூசிய வீடு நம் தெருவிலும் உண்டு. தட்டிப் பாருங்கள், காலிக் குடம் மாதிரி சத்தம் வரும். பூச்சு ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம். இப்போது கடைகளில் பி.வி.சி. பேனல் என்று ஒன்று வந்திருக்கிறது, தேக்கு ரேகை அச்சிட்ட பிளாஸ்டிக். ஒரே நாளில் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மண்சுவருக்கு அதைவிடக் கெட்ட சட்டை கிடையாது. எம்.டி.எஃப். அட்டையும் அப்படித்தான், ஈரம் பட்டால் டீயில் நனைத்த பிஸ்கட்.

மூன்றாவதாக ஓர் எதிரி, உங்களுக்கே தெரியும். செல். கரையான் என்று புத்தகத்தில் எழுதுவோம், "செல் அரிச்சிருச்சு" என்றுதான் வீட்டில் சொல்வோம். வெறும் மண்சுவரில் செல்லுக்குச் சாப்பாடு கிடையாது, குழைக்கும்போது போட்ட வைக்கோல் தவிர. மேலே ஏற வேண்டுமென்றால் பென்சில் கனத்தில் மண் குழாய் கட்டிக்கொண்டு வெளிச்சத்தில் ஏற வேண்டும். வெள்ளைச் சுவரில் செம்மண் கோடு பளிச்சென்று தெரியும், பெருக்குமாற்றால் தட்டிவிடுவோம். சுவரை ஒட்டிப் பலகை அடித்தால் அதற்கு இருட்டு கொடுத்தோம், ஈரம் கொடுத்தோம், சாப்பாட்டையும் எதிரிலேயே வைத்தோம். நமக்குத் தெரியவரும்போது வார்னிஷ் மட்டும் மிஞ்சியிருக்கும். பலகை என்று விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகும்.

இத்தனையும் கேட்டால், அப்படியானால் பலகையே வேண்டாமே என்று தோன்றும். பெரியவர்கள் மண்ணையும் மரத்தையும் சேர்த்துப் புழங்காமலா இருந்தார்கள்? சேர்த்தார்கள், ஆனால் வேறு மாதிரி. கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதைத் தாண்டித் திருவிதாங்கூர் முழுக்கவும் பழைய வீடுகளில் 'அறையும் நிரையும்' என்று ஓர் அமைப்பு உண்டு. அறை என்பது நெல்லும் பண்டமும் வைக்கிற மர அறை. நிரை என்பது அதன் முன்னால் நிற்கிற பலகைச் சுவர். மேலும் கீழும் சட்டம், சட்டத்தில் காடி, காடியில் பலகை. பலகையை நெஞ்சில் ஆணி குத்தி நிறுத்துவது கிடையாது. வேண்டும்போது கழற்றலாம், வீட்டையே பெயர்த்து வேறு ஊருக்குக் கொண்டுபோனவர்களும் உண்டு. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே போனால் சிற்பத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஆசாரி என்கிற கண்ணோடு பலகை எங்கே முடிகிறது, எதில் நிற்கிறது, எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று பாருங்கள்.

நிரை என்ற சொல் நமக்கு வெளியூர்ச் சொல்லா? விருதுநகர் பஜாரிலும் சிவகாசி கடைத்தெருவிலும் இரும்பு ஷட்டர் வருவதற்கு முன்னால் கடையை எப்படி அடைத்தார்கள்? நிரைப்பலகை போட்டுத்தானே! ராத்திரி ஒன்பது மணிக்கு அண்ணாச்சி ஒவ்வொரு பலகையாக எடுத்து, கீழே நிலையின் காடியில் ஊன்றி, மேலே தள்ளி, அடுத்ததை நெருக்கிச் சேர்ப்பார். பலகையின் நெற்றியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் செதுக்கியிருக்கும். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் எட்டைப் போட்டால் கடைசிப் பலகை ஏறாது. கடைப்பையன்களுக்கு முதல் பாடமே அந்த வரிசைதான். அந்தக் கடைப்பலகைதான் மண்வீட்டுக்கு நான் சிபாரிசு செய்கிற உட்சுவர்.

இனி செய்முறை. ஆசாரிமார்கள் இதில் என்னைத் திருத்த வேண்டும்.

முதலில் சுவரைப் பாருங்கள். இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை நாலு ஓரமும் ரீப்பர் வைத்து அழுத்திச் சுவரோடு சேர்த்து இரண்டு நாள் விடுங்கள். எடுக்கும்போது தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் அந்தச் சுவருக்கு இப்போது பலகை கிடையாது. வெளியே கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, தெரு மட்டம் உயர்ந்து வீட்டுத் தரை பள்ளமாகிவிட்டதா, குளியலறைக் குழாய் கசிகிறதா என்று போய்ப் பாருங்கள். தெருவுக்குத் தெரு சிமெண்டு ரோடு மேலே மேலே போட்டதில் மண்வீடுகளின் அடிச்சுவர் எத்தனை போயிருக்கிறது என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

சுவர் உலர்ந்திருந்தால் சட்டம். நம் ஊர்ப் பெருமாளுக்கு என்ன பெயர்? நின்ற நாராயணர். மலைமேல் யார் தயவும் இல்லாமல் நிற்கிறவர். நம் பலகையும் அப்படியே நிற்க வேண்டும், சுவரில் தொங்கக் கூடாது. மூன்றடிக்கு ஒரு கால் வீதம் நிறுத்துங்கள். கால் மண்தரையில் இறங்கக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கல் துண்டு. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே ஓர் அங்குலமாவது இடைவெளி. ஒன்றரை இருந்தால் நல்லது, ஏனென்றால் மண்சுவர் எந்தக் காலத்திலும் மட்டமாக இருந்ததில்லை.

சுவரோடு பிடிப்பு வேண்டாமா என்றால், சாயாமல் இருக்கும் அளவுக்கு இரண்டு மூன்று இடத்தில் போதும். ஆணி நிற்காத சுவரில் முளை நிற்கும். ஓர் ஆறு அங்குல ஆழத்துக்குத் துளைத்து, துளையை நனைத்து, சுண்ணாம்பு கலந்த மண்ணை அடைத்து, வேப்பமுளையை இறுக்குங்கள். ஒரு மாதம் காய விடுங்கள். அப்புறம் முளையில் திருகாணி. புதிதாக மண்வீடு கட்டுகிறவர் என்றால் சுவர் எழும்போதே கட்டையைப் புதைத்துவிடலாம், உள்பக்கம் அகன்று வெளிப்பக்கம் குறுகிய கட்டை. இழுத்தாலும் வராது. பழைய வீடுகளில் துணிக்கொடி கட்டவும் தொட்டில் கயிறு போடவும் அப்படித்தான் குச்சி பதித்தார்கள். காலண்டரும் அதில்தான் தொங்கியது.

மேலே என்ன செய்வது என்று ஒரு கேள்வி வரும். சட்டத்தை உத்தரம் வரைக்கும் நீட்டி அதோடு இறுக்காதீர்கள். நம் பக்கம் கரிசலும் செவலும் கலந்து கிடக்கிற பூமி. கரிசல் மழையில் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் நிற்கிற சுவர் வருஷத்துக்கு இரண்டு தடவை லேசாக அசைகிறது. மேலும் கீழும் இறுக்கிய சட்டம் முறுக்கிக்கொள்ளும், பலகை பிளக்கும். மேல்பக்கம் சும்மா விட்டிருந்தால் அது பாட்டுக்கு நிற்கும்.

பலகையும் அசைகிற சாதிதான். தேக்கு மாதிரி நல்ல பிள்ளைகூட கோடைக்கும் மழைக்கும் நடுவே நூற்றுக்கு ஒரு பங்கு அகலத்தில் கூடிக் குறையும். ஆறு அங்குலப் பலகைக்கு அது ஒன்றரை மில்லிமீட்டர், பார்த்தால் தெரியாது. பத்தடிச் சுவர் முழுக்கப் பலகையை நெருக்கி அடித்துவிட்டால் மொத்தம் 30 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்கு மேலே! அது எங்கே போகும்? ஐப்பசியில் பலகை நடுவில் எக்கிக்கொண்டு நிற்கும். காடியில் நிற்கிற பலகைக்கு அந்தத் தொல்லை இல்லை, ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே அகன்று ஒடுங்கும். சித்திரையில் செய்கிற ஆசாரி பலகைக்குப் பலகை ஒரு நயா பைசா கனம் விட்டுச் சேர்க்க வேண்டும், கார்த்திகையில் செய்கிறவர் நெருக்கிச் சேர்க்கலாம்.

உயரம் மூன்றரை அடி. முதலில் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதற்காகத்தான். முதுகு, தலையெண்ணெய், நாற்காலி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே சுவர் வெள்ளைச் சுண்ணாம்போடு திறந்தே இருக்கட்டும், சூட்டையும் ஈரத்தையும் வாங்கிக் கொடுக்கட்டும். கீழே தரையிலிருந்து நாலு அங்குலம் விட்டுப் பலகை தொடங்கட்டும். வீடு துடைக்கிற தண்ணீர் படாது, செல் குழாய் கட்டினால் குனிந்தால் தெரியும். மேல் ஓரத்திலும் விரல் நுழைகிற அளவு இடைவெளி, காற்று கீழே புகுந்து மேலே வர. ஒரு தாய் எழுந்து "தேளுக்கு இடம் கொடுக்கிறீர்களே" என்று கேட்கப் போகிறார், முகத்திலேயே தெரிகிறது. நியாயமான கேள்வி. இரண்டு இடைவெளிக்கும் கொசுவலைக் கம்பி அடித்துவிட வேண்டும். பின்னால் மின்வயர் போனால் குழாய்க்குள் போகட்டும், இணைப்பு முடிச்சு ஒன்றுகூடப் பலகைக்குப் பின்னால் இருக்கக் கூடாது.

எந்த மரம்? பத்தடிச் சுவருக்கு மூன்றரை அடி உயரம் என்றால் 35 சதுர அடி. முக்கால் அங்குலப் பலகைக்குச் சட்டமும் சேதாரமும் சேர்த்து மூன்று கன அடிக்குச் சற்று மேலே. தேக்கு வாங்க முடிந்தவர் வாங்குங்கள். வேம்பின் வைரம் செல்லுக்குக் கசக்கும், நம் ஊரில் கிடைக்கும். மாமரம் மலிவு, ஆனால் உளுத்துப் போகும். பனைக்கு வைரம் சுற்றுப்புறத்தில் மட்டும்தான், அகலப் பலகை வராது. அதோடு 2021இலிருந்து பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது. நம் மாநில மரம் அது, விட்டுவிடுவோம். இடிக்கிற வீட்டுப் பனங்கட்டை கிடைத்தால் அது வேறு.

நான் கைகாட்ட நினைப்பது நாம் எல்லோரும் திட்டுகிற மரம். சீமைக்கருவேலம். கண்மாயை அடைத்தது, காட்டை அடைத்தது, 2017இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையே அகற்றச் சொன்னது. நாமும் வெட்டிக் கரிமூட்டம் போட்டு மூட்டை கட்டி அனுப்புகிறோம். ஆனால் அந்தக் குடும்பத்து மரத்துக்கு ஒரு குணம் உண்டு. ஈரத்துக்கும் வெயிலுக்கும் மிகக் குறைவாகவே அசையும். நல்ல சிவந்த பழுப்பு, நெருக்கமான ரேகை. தென் அமெரிக்காவில் அதன் உறவு மரங்களில் கதவும் தரையும் செய்கிறார்கள். குறை என்னவென்றால் கோணல், முண்டு, நீளம் கிடைக்காது. ஏழடிக் கதவுக்கு ஆகாது. ஆனால் நமக்கு வேண்டியது மூன்றரை அடிக்குள் அடங்குகிற பலகைதானே! மூன்று அங்குல அகலம் கிடைத்தால் போதும். இழைப்புளியின் வாய் மழுங்கும், ஆசாரி கூலி கூடக் கேட்பார். கொடுக்க வேண்டியதுதான். அறுத்து நிழலில் அடுக்கிக் காய வைத்த பிறகே சேர்க்க வேண்டும். பலகையின் முதுகுக்கு முந்திரி ஓட்டு எண்ணெயோ போராக்ஸ் கரைசலோ பூசுங்கள். முகத்துக்கு வேறு எண்ணெய், ஏனென்றால் முந்திரி ஓட்டு எண்ணெய் காயாமல் தோலில் பட்டால் புண்ணாக்கும்.

இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. ஷட்டர் வந்த பிறகு கழற்றிப் போட்ட கடை நிரைப்பலகைகள் பழைய மரக்கடைகளில் இன்னும் வருகின்றன. பரணில் வைத்திருக்கிற குடும்பங்களும் உண்டு. ஏழடிப் பலகையைக் குறுக்கே அறுத்தால் இரண்டு மூன்றரையடி. நம் அளவுக்குச் செய்து வைத்த மாதிரி!

நெருப்பைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் மரத்தைப் பற்றிப் பேசி முடிக்கக் கூடாது. மண் எரியாது, மரம் எரியும். நூறு வருஷத்துக்கு முன்னால் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலே, மென்மரக் குச்சி எவ்வளவு சுருக்காகப் பற்றும் என்கிற தொழில்தான். குச்சியின் கனம் மெலிய மெலியப் பற்றுவது சுலபம், கட்டை கனக்கக் கனக்கக் கஷ்டம். கனத்த மரம் நிமிஷத்துக்கு முக்கால் மில்லிமீட்டர் அளவில் கருகும், அந்தக் கரியே உள்மரத்துக்குப் போர்வை. ஜப்பானில் மேற்குப் பக்கத்து ஊர்களில் மண்சுவரின் வெளிப்பக்கத்தைக் காக்க ஊசியிலை மரப் பலகையை முன்கூட்டியே நெருப்பில் கருக்கி நிறுத்துகிறார்கள், இதுவும் ஒரு காரணம். மெல்லிய பிளைவுட்டுக்கு அந்தத் தாங்குசக்தி கிடையாது. ஆகையால் முக்கால் அங்குலத்துக்குக் குறையாதீர்கள். அடுப்படிச் சுவருக்கும் சாமி விளக்கு எரிகிற மாடாக்குழிச் சுவருக்கும் பலகையே வேண்டாம். பின்னால் இருக்கிற இடைவெளி புகைப்போக்கி மாதிரி தீயை இழுக்கும். பலகை மூன்றரை அடியோடு நிற்பதில் இந்த நன்மையும் உண்டு, தீ கூரைக்கு ஏற அது படிக்கட்டு ஆகாது.

பட்டாசு ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெடிமருந்துக் கட்டடத்தின் உள்பக்கத்தில் இரும்பு தெரியக் கூடாது, மணலோ கல் துகளோ உதிரக் கூடாது, அதற்கேற்ப உட்சுவரையும் மேசையையும் மூடி வைக்க வேண்டும் என்று 1875லேயே பிரிட்டிஷ் சட்டம் சொன்னது. மருந்தோடு ஒரு மணல் உரசினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய மருந்துக் கிடங்குகளில் சுவருக்குப் பலகை வேய்ந்து, இரும்பாணிக்குப் பதில் செப்பாணி அடித்தார்கள். ஆக, உதிர்கிற சுவரை மரத்தால் மூடுவது உங்கள் தொழிலுக்குப் புதிதே இல்லை. வீட்டில்தான் புதிது. ஆனால் வீட்டுப் பலகைக்கு இடுக்கு உண்டு, இடுக்கில் தூசி தங்கும். அலுமினியப் பொடி அப்பிய வேலை உடுப்போடு அதில் சாய்ந்து உட்காராதீர்கள். உடுப்பு வாசலோடு நிற்கட்டும். மருந்து எந்த உருவத்திலும் வீட்டுக்குள் வரவே கூடாது. இதை நான் சொல்லிக் கேட்பதைவிட உங்கள் வீட்டம்மா சொல்லிக் கேட்பது நல்லது.

கழற்றுகிற விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. வடகிழக்கு மழை முடிந்து, சுவர் ஈரத்தை விட ஆரம்பிக்கிற நேரம் அது. பெரியவர்கள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். போகிக்கு இரண்டு நாள் முன்னால் பலகைகளை எடுத்து முற்றத்து வெயிலில் சாத்தி வையுங்கள். சுவரின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். செல் கோடு இருந்தால் தட்டுங்கள், ஈரப்புள்ளி இருந்தால் வெளிப்பக்கம் போய்க் காரணத்தைத் தேடுங்கள், குழி இருந்தால் ஒரு கை மண் குழைத்து அப்புங்கள். மேலே அடிக்கிற சுண்ணாம்பையே கீழேயும் அடித்துவிடுங்கள். பலகையின் முதுகில் எண்ணெய். மூன்றாம் நாள் வரிசையாக ஏற்றிவிடலாம். இரண்டு பேருக்கு அரைநாள் வேலை.

பழைய கடைப்பையன்கள் யாராவது இந்த அவையில் இருப்பீர்கள், நீங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்: கழற்றும்போதே இடது ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று பலகையின் முதுகில் நம்பர் போட்டுவிட வேண்டும்.